பட்டைக் கோடும் கடல்பாசி டப்பாவும்



இந்த இதழில் இதற்கு முன் எடைக்கல் முத்திரை பற்றியும் லாரி வாடகை பற்றியும் எழுதியிருக்கிறேன். இம்முறை எனக்கே நேர்ந்த ஒரு சங்கடத்தை எழுதுகிறேன். வெளியில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் சங்க உறுப்பினர் கடைகள் சிலவற்றில் அதே மாதிரி டப்பாக்கள் அலமாரியின் கண்படும் தட்டில் அடுக்கியிருப்பதைப் பார்த்தபின் சும்மா இருக்க முடியவில்லை.

சென்ற ஆண்டு ஆடி மாதம். வியாபாரம் மந்தமான நேரம் என்பது உங்களுக்குத் தெரியும். செவ்வாய்ப்பேட்டையில் உள்ள என் மொத்தக் கடைக்கு ஒரு கம்பெனிப் பையன் வந்தான். கடல்பாசிச் சாறு கேப்சூல், கடல்பாசி சோப்பு, முகத்தில் பூசும் களிம்பு என மூன்று சரக்கு. பத்துப் பெட்டிக்கு ஒரு பெட்டி இலவசம். நான் தயங்கியதைப் பார்த்து, "ஐயா, பட்டைக் கோடு இருக்கு பாருங்க, 890ல ஆரம்பிக்குது. கியூ.ஆர். கோடும் இருக்கு. உங்க போன்லயே ஸ்கேன் பண்ணிப் பாருங்க. போலிச் சரக்கா இருந்தா ஸ்கேன் ஆகுமுங்களா?" என்றான். ஸ்கேன் செய்தேன். நீலக் கடலும் பச்சைப் பாசியும் அழகாக வந்தன. சர்க்கரை மூட்டையில் நமக்கு நிற்பது என்ன, இதில் நிற்பது என்ன என்று மனம் ஒரு கணக்குப் போட்டது. எடுத்துக்கொண்டேன்.

அதில் ஒரு பெட்டியை ராசிபுரம் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் வாங்கிப் போனார். முப்பது வருட வாடிக்கை. விற்றதுபோக ஒரு டப்பாவை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார். அவர் மனைவிக்குப் பல வருடமாகத் தைராய்டு தொல்லை, மாத்திரை சாப்பிடுபவர். டப்பாவோடு வந்த துண்டுச் சீட்டில் 'உடல் எடை குறையும், மூட்டுவலி நீங்கும், சர்க்கரை கட்டுப்படும்' என்று போட்டிருந்ததால் அந்த அம்மாள் இரண்டு மாதம் விடாமல் விழுங்கியிருக்கிறார். பிறகு படபடப்பு, அசதி. ரத்தப் பரிசோதனையில் எண்கள் தாறுமாறாக வந்தன. டாக்டர் துருவிக் கேட்டபோதுதான் கேப்சூல் விஷயம் வெளிவந்தது. உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார். சரியாக நாலைந்து மாதம் ஆயிற்று.

அவர் டப்பாவைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "அண்ணா, நீங்க குடுத்த சரக்குன்னு நம்பித்தானுங்க எடுத்துட்டுப் போனேன்" என்று மட்டும் சொன்னார்.

எண்ணுக்குள் ஒரு காவல்காரன்

அந்தப் பையன் சொன்ன 'ஸ்கேன் ஆகுமா' என்ற வார்த்தை என்னை விடவில்லை. நான் பழைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். காலையில் சேர்ந்து நடப்போம். அவரிடம் கேட்டேன். ஒரு வாரம் நடந்துகொண்டே சொல்லிக் கொடுத்தார். இதற்கு இயற்கணிதக் குறியீட்டுக் கோட்பாடு என்று பெயராம். பெயர்தான் பெரிது, விஷயம் நம் தொழிலில் பாட்டன் காலத்திலிருந்து இருப்பதுதான்.

நாம் ரசீதில் 450 என்று எண்ணால் எழுதிவிட்டு 'ரூபாய் நானூற்று ஐம்பது மட்டும்' என்று எழுத்திலும் எழுதுகிறோம் அல்லவா? எதற்கு? ஒன்று பிசகினால் மற்றது காட்டிக் கொடுக்கும். மூட்டை இறக்கும்போது எண்ணுகிறவன் ஒரு குரல் கொடுக்க, எழுதுகிறவன் அதையே திருப்பிச் சொல்வதும் இதற்குத்தான். டிரங்கால் போட்டுப் பேசிய காலத்தில், எண்பது மூட்டை என்றது எழுபது என்று காதில் விழுந்து, நாமக்கல்லுக்குப் பத்து மூட்டை குறைவாகப் போய்ப் பெரிய தகராறு ஆனது. அன்றிலிருந்து என் அப்பா 'எட்டுப் பத்து எண்பது' என்றுதான் போனில் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டார். தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லிவைத்தால் அந்தக் கூடுதலே காவல் காக்கும். குறியீட்டுக் கோட்பாடு முழுவதும் இந்த ஒரு எண்ணத்தின் மேல் கட்டியது என்றார் ஆசிரியர்.

பட்டைக் கோட்டின் கீழே இருக்கும் 13 எண்களில் கடைசி எண்தான் காவல்காரன். மற்றப் 12 எண்களைக் கொண்டு கணக்குப் போட்டு வருவது அது. 8901234567852 என்று ஒரு எண் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இடமிருந்து 1, 3, 5, 7, 9, 11ஆம் இடத்து எண்களைக் கூட்டினால் 28. மற்ற ஆறு இடத்து எண்களைக் கூட்டினால் 30. அதை மூன்றால் பெருக்க 90. மொத்தம் 118. அடுத்த பத்தின் மடங்கு 120க்கு இன்னும் 2 வேண்டும். அந்த 2தான் கடைசி எண். இடையில் உள்ள 7ஐ யாராவது 1 என்று படித்துவிட்டால் கூட்டுத்தொகை 100 ஆகிவிடும்; கடைசி எண் 0 வர வேண்டும்; அட்டையிலோ 2 இருக்கிறது. மெஷின் ஒப்புக்கொள்ளாது. எந்த ஒரு எண் மட்டும் மாறினாலும் இப்படிப் பிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து எண்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடிக்கும். ஆனால் 27ஐ 72 என்று மாற்றிப் போட்டால் ஏமாந்துவிடும். இரண்டுக்கும் வித்தியாசம் 5 ஆக இருக்கும் ஜோடிகளுக்கெல்லாம் இந்தக் குறை உண்டு. நம்பாதவர்கள் இன்று இரவு கடை மூடியபின் ஒரு சோப்பை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எனக்கு அது ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது, வீட்டில் சிரிக்கிறார்கள்.

இந்தக் கோடு பிறந்த கதையும் கேட்கத் தகுந்தது. அமெரிக்காவில் நார்மன் ஜோசப் உட்லண்ட் என்பவர் மயாமி கடற்கரை மணலில் உட்கார்ந்து, தந்திக்காரர்களின் கட்டுக் கடா புள்ளி-கோட்டை விரலால் இழுத்து நீட்டிப் பார்த்தபோது தோன்றிய யோசனையாம். 1952இல் உரிமம் பெற்றார்கள். ஆனால் கடையில் முதன்முதலாக ஒரு சரக்கை ஸ்கேன் செய்து விற்றது 1974 ஜூன் 26ஆம் தேதி, ஒஹையோ மாநிலத்தில் டிராய் என்ற ஊரில். சரக்கு, ஒரு சூயிங்கம் பாக்கெட்!

இனி 890 விஷயம். 'எட்டு ஒன்பது பூஜ்யம் என்றால் இந்தியச் சரக்கு' என்று நம்மில் பலர் வாடிக்கையாளரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நானும் சொன்னவன்தான். அது சரியில்லை. அந்த எண்ணை வழங்கியது 1996இல் தொடங்கிய ஜி.எஸ்.1 இந்தியா என்ற அமைப்பு என்பதுதான் அதற்குப் பொருள். சரக்கு எங்கே விளைந்தது, எங்கே தயாரானது என்பதை அது சொல்லவே இல்லை. தரத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை கிடையாது.

கியூ.ஆர். அட்டை இதைவிடக் கெட்டிக்காரன். பட்டைக் கோடு தவறைக் கண்டுபிடிக்கும், அவ்வளவுதான். கியூ.ஆர். தவறைத் திருத்தவும் செய்யும். 1994இல் ஜப்பானில் டென்சோ நிறுவனத்தைச் சேர்ந்த மசாஹிரோ ஹாரா குழுவினர் மோட்டார் உதிரிபாகங்களுக்காக உண்டாக்கியது. 2016இல் யு.பி.ஐ. வந்தபின் நம் கல்லாப்பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதில் எண்ணெய்க் கை பட்டு, மஞ்சள் தூள் படிந்து, ஓரம் கிழிந்தாலும் பணம் வந்து சேர்கிறதே, எப்படி? ஆசிரியர் என் பேரேட்டையே வைத்து விளக்கினார். 1 மூட்டை 40, 2 மூட்டை 80, 3 மூட்டை 120, 4 மூட்டை 190, 5 மூட்டை 200 என்று கணக்குப்பிள்ளை எழுதியிருந்தால் நாலாவது வரிதான் பிழை, அது 160 என்று யாரும் சொல்லிவிடலாம். உண்மையில் இரண்டு வரி இருந்தாலே விலை தெரிந்துவிடும். ஐந்து வரி எழுதியதால் ஒன்று கெட்டாலும் மற்ற நான்கும் சேர்ந்து காட்டிக் கொடுக்கின்றன. மூன்று வரியைக் கரையான் தின்றாலும் மீதி இரண்டை வைத்து மீட்டுவிடலாம். 1960இல் ரீடு, சாலமன் என்ற இரு அமெரிக்கர்கள் இதையே பெரிய இயற்கணிதமாகச் செய்தார்கள். கியூ.ஆரில் நான்கு தரம் உண்டு. உச்சத் தரத்தில் சுமார் 30 சதவீதம் கெட்டுப்போனாலும் படிக்கும்.

நமக்குப் பெருமை தரும் செய்தி ஒன்று. ஒவ்வொரு கியூ.ஆர். அட்டையிலும் 'இதை எந்த முறையில் படிக்க வேண்டும்' என்ற சிறு குறிப்பு இருக்கிறது. அதைக் காப்பது பி.சி.எச். என்ற குறியீடு. அதில் 'பி' என்பது போஸ், 'சி' என்பது சௌத்ரி. கல்கத்தா புள்ளியியல் நிலையத்தில் வேலை பார்த்துப் பின் அமெரிக்கா சென்ற ஆர்.சி.போஸும் அவருடைய மாணவர் ரே-சௌத்ரியும் 1960இல் வெளியிட்டது. 'எச்' என்பது அவர்களுக்கு ஓராண்டு முன்பே தனியாகக் கண்டுபிடித்த பிரெஞ்சுக்காரர் ஒக்கெங்கெம். பூக்கடை அம்மாளின் தட்டியிலும் இரண்டு இந்தியர் பெயர் ஒளிந்துகொண்டிருக்கிறது என்று நினைக்க எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

ஆனால் முக்கியமான விஷயம் இனிமேல்தான். இந்தக் காவல்காரன் கைத்தவறைத்தான் கண்டுபிடிப்பான். கைவரிசையைக் கண்டுபிடிக்க மாட்டான். உங்கள் கடை கியூ.ஆர். அட்டை மேல் ஒருவன் ராத்திரி வந்து தன் கணக்கு அட்டையை ஒட்டிவிட்டுப் போனால், அதுவும் ஒரு புள்ளி பிசகாமல் ஸ்கேன் ஆகும். பணம் அவனுக்குப் போகும். இப்படி நடந்த செய்திகள் நாளிதழ்களில் வந்தவைதாம். டப்பா மேல் பொய்யை அச்சடித்து, சரியான கடைசி எண்ணோடு கோடு போட்டால், மெஷின் அந்தப் பொய்யைத் துல்லியமாகப் படித்துக் கொடுக்கும்.

நம் ஜி.எஸ்.டி. எண்ணும் அப்படித்தான். 15 எழுத்தில் முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33; அடுத்த பத்து பான் எண்; கடைசி எழுத்து, சரிபார்க்கும் காவல் எழுத்து. அந்தக் கேப்சூல் கம்பெனி 'பில் பின்னால் வரும்' என்று சலானில் சரக்குப் போட்டுவிட்டு, இரண்டு மாதம் கழித்துப் பில் அனுப்பியது. எண்ணைக் கணினியில் அடித்தால் எழுத்தில் தவறே இல்லை. ஆனால் அரசு இணையதளத்தில் தேடிப் பார்த்தால் அந்தப் பதிவு ரத்தானது. எனக்கு உள்ளீட்டு வரி போனதுதான் மிச்சம். முதல் நாளே தேடியிருந்தால் சரக்கே இறங்கியிருக்காது. அது என் பிழை.

கடலிலிருந்து கடைக்கு

இனி பாசிக்கு வருவோம். கடல்பாசி கெட்ட சரக்கு என்று நான் சொல்ல வரவில்லை. நாம் தலைமுறையாக விற்பதுதானே? ரம்ஜான் மாதத்துக்கு முன் அகர் அகர், சைனா கிராஸ் என்று கட்டுக் கட்டாக வாங்குகிறார்கள். சேலம் வெயிலில் மேஜைமேல் வைத்தாலும் உருகாத ஜெல்லி அது, கொதிக்கவைத்தால்தான் கரையும். மாட்டெலும்பு, தோலில் எடுக்கும் ஜெலட்டின் வெந்நீரிலேயே கரைந்துவிடும், வெயிலிலும் இளகிவிடும். சைவ வாடிக்கையாளர் கேட்டால் இந்த வித்தியாசத்தைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பச்சைப் புள்ளியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதன் தாய்வீடு நம் ராமநாதபுரம் கரை. ராமேஸ்வரம் போகிறவர்கள் மண்டபம், பாம்பன் பக்கம் சாலையோரம் பாசி காய்வதைப் பார்த்திருப்பீர்கள். பெண்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கடலில் மூழ்கிப் பாறையிலிருந்து பறித்து வருவார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று அவர்கள் வைத்திருக்கும் பெயர்களே அழகு. மரிக்கொழுந்திலும் கஞ்சிப் பாசியிலும் அகர் எடுக்கிறார்கள். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் அதற்கான ஆலைகள் உண்டு. கட்டக்கோரையில் எடுப்பது ஆல்ஜினேட். துணியில் சாயம் அச்சிடும் பட்டறைகளில் பசையைக் கெட்டியாக்கப் பயன்படுவது அதுதான். 1986இல் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வந்தபின் தீவுப் பக்கம் போக அந்தப் பெண்களுக்குத் தடை, வனத்துறையோடு இழுபறி. பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி என்ற பாசி எடுக்கும் அம்மையார், பாசி வளத்தையும் அந்தப் பெண்களின் உரிமையையும் காக்க முன்நின்றதற்காக 2015இல் 'சீகாலஜி' என்ற சர்வதேசப் பரிசைப் பெற்றார்.

மற்றொன்று மிதவையில் வளர்க்கும் காப்பாஃபைக்கஸ். மூங்கில் மிதவையில் கட்டிவிட்டால் 45 நாளில் அறுவடை. 2000இல் பெப்சி கம்பெனி ஒப்பந்தம் போட்டு வளர்க்க வைத்ததால் 'பெப்சி பாசி' என்றே பேர் நின்றுவிட்டது. குருசடைத் தீவுப் பக்கம் பவளப் பாறையில் இது படர்ந்துவிட்டதாக விஞ்ஞானிகள் 2008இல் எச்சரித்ததும் உண்டு. இதிலிருந்து வருவது கேராஜீனன். ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் பால் பானங்களிலும் குழைவு தருவதற்குப் போடுகிறார்கள். பாக்கெட்டின் பின்புறம் 407 என்று இருந்தால் கேராஜீனன், 406 அகர், 401 ஆல்ஜினேட். ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 127 கோடி ரூபாய்த் திட்டத்தில் கடல்பாசிப் பூங்காவுக்கு 2023இல் அடிக்கல் நாட்டினார்கள். ஆக, இந்தச் சரக்கு நம் கடைகளுக்கு இன்னும் அதிகமாகத்தான் வரப்போகிறது.

மருத்துவத்தில் இதற்கு மெய்யான இடமும் இருக்கிறது. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் சில மருந்துகளில் ஆல்ஜினேட் வயிற்றில் ஆடைபோல் மிதந்து புளிப்பு மேலே வராமல் தடுக்கிறது. புண்ணில் வைக்கும் கட்டுத்துணியிலும், பல் டாக்டர் அச்சு எடுக்கும் பசையிலும் அது உண்டு. கிருமி ஆராய்ச்சிக்கு ஆய்வகங்களில் அகர்தான் தட்டு. 1880களில் ஜெர்மனியில் ஒரு விஞ்ஞானியின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தம் சமையலறைப் பழக்கத்திலிருந்து சொன்ன யோசனை அது. சோப்பிலும் களிம்பிலும் பாசிச் சாறு ஈரத்தைப் பிடித்து வைக்கும். தோல் மெத்தென்று இருக்கும். அதைச் சொல்லி விற்பதில் குற்றமில்லை. 'சுருக்கம் மறையும், பத்து வயது குறையும்' என்பது விற்பவன் வாய்.

கேப்சூல்தான் ஆபத்து. அந்த டப்பாவில் இருந்தது நம் கரைப் பாசியல்ல. குளிர் நாட்டுக் கடலில் விளையும் கெல்ப் என்ற பழுப்புப் பாசியின் தூள். அதில் அயோடின் மிகுதி. 1811இல் அயோடினை முதலில் கண்டுபிடித்ததே பாசிச் சாம்பலில்தான். நமக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம். நாம் விற்கும் அயோடின் உப்பு, கடைக்கு வரும்போது பத்து லட்சத்துக்கு 15 பங்காவது அயோடின் கொண்டிருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கணக்கில் 10 கிராம் உப்பிலேயே 150 வந்துவிடும். 2004இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் பலவகைக் கடல்பாசிச் சரக்குகளைச் சோதித்தார்கள். கிராமுக்கு 16 மைக்ரோகிராம் முதல் 8,000க்கும் மேல் வரை இருந்தது. அதாவது, அரை கிராம் கேப்சூலில் 8ம் இருக்கலாம், 4,000ம் இருக்கலாம். அமெரிக்காவில் பெரியவர்களுக்கு ஒரு நாளைய உச்ச வரம்பாக வைத்திருப்பது 1,100. அளவு மீறினால் தைராய்டு நோய் உள்ளவர்களுக்குத்தான் முதல் அடி. என் டப்பாவில் 'கெல்ப் சாறு 500 மில்லிகிராம்' என்று இருந்ததே தவிர, அயோடின் எவ்வளவு என்று எங்கும் இல்லை. சில பாசியில் ஆர்சனிக் நஞ்சும் சேரும். ஹிஜிகி என்ற ஜப்பானியப் பாசியைச் சாப்பிட வேண்டாம் என்று பிரிட்டன் 2004இலேயே எச்சரித்தது.

இதை நம் மாதக் கூட்டத்தில் பேச்சுவாக்கில் சொன்னபோது ஒரு நண்பர், "நாம மளிகைக்காரங்க, டாக்டருங்களா? கேட்டதக் குடுக்கறோம். குத்தம்னா கம்பெனிக்காரனக் கேளுங்க" என்றார். கைதட்டும் கிடைத்தது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை நண்பர்களே. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் விற்பவரையும் தனியாகப் பொறுப்பாளி ஆக்குகிறது: காலாவதியான சரக்கு, தவறான சீட்டு ஒட்டிய சரக்கு, யாரிடம் வாங்கியது என்று காட்ட முடியாத சரக்கு. அதே சட்டம் நமக்கு ஒரு கேடயமும் கொடுத்திருக்கிறது. நமக்குச் சரக்குக் கொடுத்தவர் போடும் பில்லே அவர் எழுதிக் கொடுத்த உத்தரவாதமாகக் கருதப்படும். சலானில் சரக்கு இறக்குகிறவர் அந்தக் கேடயத்தைத் தெருவில் வீசிவிட்டுச் சண்டைக்குப் போகிறார். மேலும், சர்க்கரை வியாதி, மூட்டுவாதம், உடல் பருமன் எல்லாம் தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அந்தத் துண்டுச் சீட்டை நான் கவுண்டரில் வைத்து வினியோகம் செய்தேனே, அதில் பங்கு எனக்கும்தான்.

சேலத்துக்காரருக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று ஜவ்வரிசியில் சிலர் ரசாயனம் போட்ட பேச்சு கிளம்பியபோது, ஒழுங்காக அரைத்தவன் சரக்கும் சேர்ந்துதான் தேங்கியது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு வந்தது. அந்தப் பெயரை மீட்க எத்தனை பேர் எத்தனை வருடம் அலைந்தார்கள்! மண்டபத்துப் பெண்கள் மூச்சடக்கி எடுக்கும் பாசிக்கும் இப்படி ஒரு கெட்ட பெயர் வருமானால், கெல்ப் டப்பா கம்பெனிக்கு நஷ்டமில்லை. அவன் அடுத்து வேறு ஏதாவது கொண்டுவருவான்.

நான் இப்போது கடையில் செய்வதைச் சொல்கிறேன். கடல்பாசி கேப்சூல், தூள் எது வந்தாலும் முதலில் பில், அதன் ஜி.எஸ்.டி. எண்ணை இணையதளத்தில் தேடுகிறேன். 14 எண் உணவு உரிமத்தையும் அப்படியே. 'மருத்துவப் பயன்பாட்டிற்கு அல்ல' என்ற வாசகம் அட்டையில் இருக்கிறதா என்று பார்க்கிறேன். அது சட்டப்படி இருக்க வேண்டியது. அயோடின் அளவு போடாத சரக்கை ஆய்வகச் சான்று காட்டினாலொழிய இறக்குவதில்லை. துண்டுச் சீட்டு எதையும் கவுண்டரில் வைப்பதில்லை. கேட்கிறவரிடம் "தைராய்டு இருக்குங்களா, டாக்டரைக் கேட்டுட்டு வாங்க" என்று சொல்ல என் பையன்களுக்குச் சொல்லியிருக்கிறேன். இதனால் விற்பனை குறைந்தது உண்மை. அகர் விற்பனை குறையவில்லை. ராசிபுரத்துக்காரர் இப்போதும் வருகிறார். உப்பும் பருப்பும் எடுக்கிறார். அந்த அலமாரிப் பக்கம் மட்டும் பார்ப்பதில்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகவே வைக்கும்படி செயலாளர் அவர்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பில் இல்லாமல் வரும் சத்துணவுச் சரக்கை யாரும் இறக்குவதில்லை என்று நாம் ஒருமனதாகத் தீர்மானித்தால் லைன் வண்டிக்காரர்கள் பில்லோடுதான் வருவார்கள். என் குடோனில் மீதி ஏழு பெட்டி கிடக்கிறது. கம்பெனி போனை எடுப்பதில்லை. உங்களிடம் அதே மாதிரிச் சரக்கு இருந்தால் ஒரு டப்பாவையும் வாங்கிய சீட்டையும் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.